சுண்டெலியிடம் கற்ற பாடம்

(மஞ்சூரில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதிக் கொடுத்தபோது ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)



நம் செயலாளர் போன மாதம் போன் செய்தார். "அக்கா, நீங்க முப்பது வருஷம் எலியோட குடித்தனம் நடத்தினவங்க. வயசாகறதைப் பத்தி ஏதாவது பேசுங்க. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இப்ப அதுதான் கவலை" என்றார். முதலில் ஒரு திருத்தம். என் குடித்தனம் எலியோடு அல்ல, சுண்டெலியோடு. எலிக்குச் சொந்தக்காரர்கள் குன்னூர்க்காரர்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் இந்த ஊர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். எழுபதுகளில் இருட்டோடு எழுந்து, முதல் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போய் கெமிஸ்ட்ரி படித்தேன். சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கிறதா? உப்புக் கரைசலில் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் விட்டுச் சூடு பண்ணினால், மஞ்சளாக ஒரு வீழ்படிவு வரும். "பாஸ்பேட்!" என்று கத்துவோம். அந்த மஞ்சள்தான் பின்னால் என் பிழைப்பாக ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு எம்.எஸ்ஸி. படிக்கப் போன இடத்தில் அதே மாலிப்டேட் நீல நிறமாக வந்தது. அந்த முறைக்குப் பெயர் ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை. ஃபிஸ்கே ஹார்வர்டுக்காரர். சுப்பாராவ் யார் தெரியுமா? பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்கிற சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் இந்த முறையை வெளியிட்டார்கள். அந்த நீல நிறத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி.யையும் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் லோமனும் ஏ.டி.பி.யைக் கண்டார். நம் உடம்பில் சக்தியைச் சுமக்கிற நாணயம் அந்த ஏ.டி.பி.தான். அதிலிருக்கும் பாஸ்பேட் ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதுதான் உயிரின் பாதி வேலை.

இந்தக் கழற்றி மாட்டும் வேலையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நம்ம பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் போகும். விசில் டீசல் அல்ல. பஸ்ஸை ஓட்டுவதும் அது அல்ல. ஆனால் விசில் இல்லாமல் பஸ் நகராது. நம் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒரு புரதத்தின் மேல் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால், அதன் உருவம் கொஞ்சம் திரும்புகிறது, வேலை மாறுகிறது. ஒட்டுகிற நொதிக்கு கைனேஸ் என்று பெயர். மனித உடம்பில் இவை ஐந்நூறுக்கு மேல். பிய்த்து எடுக்கிற நொதி பாஸ்படேஸ். ஒட்டுவதும் பிய்ப்பதும் விநாடிக் கணக்கில் நடக்கும்.

இதை முதலில் கண்டவர்கள் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். 1955-ல் தசையில் கண்டார்கள். நோபல் பரிசு வந்தது 1992-ல். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். தசையில் கிளைகோஜன் என்று மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதை உடைக்கும் நொதிக்கு பாஸ்பேட் ஏறினால் 'ரைட், போகலாம்'. அதே நேரம் சேமித்து வைக்கும் நொதிக்கும் பாஸ்பேட் ஏறும், ஆனால் அதற்கு அர்த்தம் 'ஸ்டாப்'. ஒரே விசில், ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் சேமித்து மறுபக்கம் உடைத்து வீணாய்ப் போகும். எவ்வளவு கச்சிதம் பாருங்கள்!

இந்த விசில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நான் கெட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிது. சுண்டெலியின் கல்லீரலை எடுத்து, எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் நிதானமாக எடை போட்டு, லேபிள் ஒட்டி, அப்புறம் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றிலும் ஒன்றும் இல்லை. நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பாஸ்படேஸ் தன் வேலையை முடித்துவிட்டது. மூன்று மாத உழைப்பு போச்சு. தப்பு முழுக்க என்னுடையதுதான். அன்று ராத்திரி அழுதேன், மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுண்டெலிக்குத் தீனி போடப் போனேன். அதுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

சரி, இதற்கும் வயசாவதற்கும் என்ன சம்பந்தம்?

செல்லுக்குள் இரண்டு பெரிய கைனேஸ்கள் உண்டு. ஒன்றுக்கு எம்டார் என்று பெயர். சாப்பாடு தாராளமாக வந்து, இன்சுலினும் அமினோ அமிலங்களும் ஏறினால் இது விழித்துக்கொள்ளும். 'கட்டு, வளர், பெருக்கு' என்று உத்தரவு போடும். மற்றொன்று ஏ.எம்.பி.கே. சக்தி குறைந்தால், அதாவது சுப்பாராவின் ஏ.டி.பி. செலவாகிவிட்டால், இது விழிக்கும். 'செலவைக் குறை, இருப்பை எடு, பழசைச் சுத்தம் செய்' என்று சொல்லும். செல்லுக்குள் உடைந்த, நசுங்கிய சாமான்களை செல் தானே தின்று, திரும்பப் பயன்படுத்துகிற ஒரு துப்புரவு வேலை இருக்கிறது. அதன் வழிமுறையைக் கண்டதற்காக ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது. அந்தத் துப்புரவைத் தொடங்கிவைக்கும் புரதம் ஒன்று உண்டு. எம்டார் அதன் ஓர் இடத்தில் பாஸ்பேட் ஒட்டி 'நில்' என்கிறது. ஏ.எம்.பி.கே. வேறு இடங்களில் பாஸ்பேட் ஒட்டி 'தொடங்கு' என்கிறது. ஒரே ஆள் மேல் இரண்டு மேஸ்திரிகளின் சத்தம்!

சாப்பிட்ட சுண்டெலியின் கல்லீரலில் எம்டார் ஒட்டிய பாஸ்பேட் கரிய கோடாகத் தெரியும். ராத்திரி முழுக்கத் தீனி இல்லாத சுண்டெலியில் கோடு மறைந்துவிடும். என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 2010-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு வயதான சுண்டெலியைப் பார்த்தது. அதில் பட்டினி போட்டாலும் எம்டார் முழுசாக அடங்கவில்லை. சின்ன வயதில் நன்றாகத் திறந்து மூடிய மதகு, வயதானதும் பாதியில் மாட்டிக்கொள்கிறது. வயதாவது என்பதற்கு நூறு காரணம் சொல்லலாம், அதில் இது ஒன்று.

அப்படியென்றால் மதகைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்? செய்து பார்த்தார்கள். எம்டார் உத்தரவு கொடுக்கும் எஸ்6 கைனேஸ் என்ற அடுத்த படியையே மரபணுவிலிருந்து நீக்கினார்கள், 2009-ல் லண்டனில். பெண் சுண்டெலிகள் அதிக நாள் வாழ்ந்தன, வயதான காலத்தில் உடம்பும் நன்றாக இருந்தது. ஆண்களுக்கு ஆயுள் கூடவில்லை. (பெண்கள் பக்கம் கைதட்டல் கேட்கிறது, நன்றி.)

அதே 2009-ல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. அதற்கு முன்கதை வேண்டும். 1964-ல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவுக்குப் போனது. நம்ம குந்தா மின்திட்டத்துக்கு உதவின அதே கனடாதான். அந்தத் தீவின் மண்ணை எடுத்து வந்தார்கள். மாண்ட்ரியலில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த நம் நாட்டவர், காசி இந்து பல்கலைக்கழகத்தில் படித்த சுரேன் சேகல், அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். தீவின் பெயர் ராப்பா நூயி, அதனால் ராப்பமைசின். அந்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது சேகல் அதை வீட்டு ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினாராம். அப்படிக் காப்பாற்றிய மருந்து 1999-ல் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. அது அடக்குவது எதை என்று தேடிப் போனதில் அகப்பட்டதுதான் எம்டார். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கே 'ராப்பமைசினின் இலக்கு' என்றுதான் அர்த்தம்.

இந்த மருந்தை அமெரிக்காவில் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்டார்கள். ஆனால் தீனியில் கலந்தால் மருந்து கெட்டுப்போனது. அதற்கு ஓர் உறை செய்து சரிப்படுத்துவதற்குள் சுண்டெலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய அறுபது. அதாவது இந்த ஹாலில் இருக்கிற நம்ம வயசு! சரி, வந்தது வரட்டும் என்று கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சுண்டெலி இறந்துபோன வயதை ஒப்பிட்டால், மருந்து சாப்பிட்டவற்றில் பெண்களுக்கு 14 சதவீதம், ஆண்களுக்கு 9 சதவீதம் அதிகம். அறுபதுக்கு மேல் தொடங்கினாலும் காலம் கடந்துவிடவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

இதைக் கேட்டதும் உங்களில் சிலர் பேனாவை எடுப்பது தெரிகிறது. தயவுசெய்து மூடி வையுங்கள். நம்ம செட்டில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், யாரோ சொன்னார்கள் என்று இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார். வாயெல்லாம் புண், கொலஸ்ட்ரால் ஏற்றம், அப்புறம் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் பத்து நாள். இது நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தான் கொடுக்கிறார்கள். சுண்டெலி சுத்தமான கூண்டில், வடிகட்டிய காற்றில் வாழ்கிறது. நம்ம மஞ்சூர் மழையும் பனியும் அதற்குத் தெரியாது. சுண்டெலியிலேயே சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்தது, ஆண்களுக்கு விதைப்பை சுருங்கியது. இன்னொன்று, ஆய்வுக்கூடச் சுண்டெலிகள் பெரும்பாலும் புற்றுநோயில்தான் சாகின்றன. மருந்து கட்டிகளைத் தாமதப்படுத்தினாலே ஆயுள் கூடும். நம்மில் பலரை அழைத்துப் போவது இதயம். கணக்கு ஒன்றல்ல.

"மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேனே, அது ஏ.எம்.பி.கே.யைத் தூண்டுமாமே?" என்று ஒரு தம்பி கேட்டார். தூண்டும். 2013-ல் ஓர் ஆய்வில் ஆண் சுண்டெலிக்கு ஆயுள் கொஞ்சம் கூடியது. மூன்று இடங்களில் சேர்ந்து செய்து 2016-ல் வந்த ஆய்வில் தெளிவான பலன் இல்லை. சர்க்கரைக்காகச் சாப்பிடுங்கள், சிரஞ்சீவி ஆவதற்காக வேண்டாம். பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சளின் குர்க்குமினும் அதே மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டன. 2013-ல் முடிவு வந்தது: இரண்டுமே ஆயுளை நீட்டவில்லை. தேயிலைக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டீ நல்ல பானம், அவ்வளவுதான்.

இனி குன்னூர் எலிக்கு வருகிறேன். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1918-ல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் உணவு ஆராய்ச்சி தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய உணவூட்டக் கழகத்தின் வேர் அந்த அறைதான். 1958-ல்தான் அங்கே போனது. அவர் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற பஞ்சாப் சாப்பாடு சாப்பிட்டவை திடமாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான மதராஸ் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. சீமை ஏழைகளின் வெள்ளை ரொட்டி, ஜாம், சர்க்கரை போட்ட டீ சாப்பிட்டவையும் நோஞ்சானாகப் போயின.

1935-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மெக்கே என்பவர் எலிக்குத் தீனியைக் குறைத்தால் ஆயுள் கூடுகிறது என்று காட்டினார். 'குறைவாகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம்' என்ற பேச்செல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மெக்கேயின் எலிக்குக் குறைந்தது சக்தி மட்டும். விட்டமினும் உப்புச்சத்தும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கப்பட்டன. குன்னூர் எலிக்குக் குறைந்தது சத்து. முதலாவது நோன்பு, இரண்டாவது வறுமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து அடிக்கடி ஒரு வார்த்தை கேட்கிறேன். "அந்தக் காலத்துல கொஞ்சமாச் சாப்பிட்டு, நிறைய நடந்து, திடமா இருந்தாங்க." என் அம்மா கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். காலையில் வரக்காப்பி, கூடையோடு மலையேறி மத்தியானம் வரை கொழுந்து, ராத்திரி சோறும் ரசமும். எனக்கு பஸ் காசு கொடுத்த நாட்களில் ராத்திரிச் சோறும் அரைத் தட்டுதான், "எனக்குப் பசியில்ல, நீ படி" என்பார். ரத்தம் சுண்டி, ஐம்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். என் வயது இன்று அறுபத்தாறு. அம்மாவைவிடப் பெரியவளாகிவிட்டேன். சுண்டெலிப் பாஷையில் சொன்னால் அவருடைய ஏ.எம்.பி.கே. ராப்பகலாக விசில் அடித்திருக்கும். கட்டு, வளர் என்று எம்டார் சொல்ல அவருக்குச் சாமான் இல்லை. அவரை யாரும் நீண்ட ஆயுளுக்கு உதாரணம் காட்டக் கூடாது.

இதைக் கவாத்து வெட்டுகிற நமக்குப் புரிய வைக்கச் சிரமம் இல்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியைக் கவாத்து செய்கிறோம். செடி மொட்டையாக நிற்கும், பிறகு புதுக் கொழுந்து விடும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த கண்டக்டர் என்ன செய்வார்? வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பார். கருநீலமாக வந்தால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். வராவிட்டால் வெட்டக் கூடாது. வெட்டினால் செடி செத்துவிடும். வேரில் இருப்பு உள்ளவனுக்குத்தான் கவாத்து. இருப்பு இல்லாதவனுக்கு உரம்.

ஆகவே நண்பர்களே, சுண்டெலியிடம் நான் கற்றது இவ்வளவுதான். உடம்புக்கு இரண்டு விசிலும் வேண்டும். கட்டும் நேரமும் வேண்டும், சுத்தம் செய்யும் நேரமும் வேண்டும். இன்று நம்மில் பலருக்கு வாழ்க்கை வசதியாகிவிட்டது. காலை டிபனிலிருந்து ராத்திரி பால் வரை வாய் ஓயாமல் ஒரே விசில் அடிக்கிறோம். ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள். மேடு ஏறி நடங்கள். தசை வேலை செய்து ஏ.டி.பி. செலவானால் ஏ.எம்.பி.கே. தானே எழும், அதற்கு மாத்திரை வேண்டாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள். எடை குறைந்து கால் தளர்ந்தவர்களுக்குப் பட்டினி ஆகவே ஆகாது. அவர்களுக்கு முட்டையும் பருப்பும் பாலும்தான் மருந்து. வேரைப் பார்த்து வெட்டுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். போன சந்திப்பில் வசூலான பணத்தில் மேடைக்குப் பெயின்ட் அடித்தோம், நன்றாக இருந்தது. இந்தத் தடவை வேறு செய்யலாம். முதல் பஸ்ஸில் எஸ்டேட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இன்றைக்கும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண்ணோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "பசியில்ல மேடம்" என்றது. அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். காலையில் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். வருஷம் முழுக்க என்ன செலவாகும் என்று நம் பொருளாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட நான் தயார். என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தை இன்றே கொடுத்துவிட்டுப் போகிறேன்.